மோதிரம் தண்ணீரில், தாலந்து எங்கே?



“பாஸ்டர், மியூசிக்ல என்ன பாவம் இருக்கு?” வாலிபத் தம்பிமார் அடிக்கடி என்னிடம் கேட்கிற கேள்வி இது. அவர்களுக்கு நான் லிட்டில் ரிச்சர்டைப் பற்றிச் சொல்லுவேன்.

ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். 1955-ல் ‘டூட்டி ஃப்ரூட்டி’ என்ற பாட்டினால் புகழ்பெற்றார். அவருடைய கூவலைக் கேட்டுத்தான் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியும் அப்படிப் பாடக் கற்றார். அந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? சபையிலிருந்து!

1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், மேக்கன் ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெந்தெகொஸ்தே ஆராதனை என்றால் அவருக்கு உயிர். 1947-ல், 14 வயதில், சுவிசேஷப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் அவரைத் தன் மேடையில் பாட வைத்தார். ஆனால் வீட்டிலே அப்பா சபைக்கு உதவிக்காரர். வெளியே கள்ளச்சாராய வியாபாரி. இரண்டு படகில் கால் வைப்பதைப் பிள்ளை அங்கேயே பார்த்து வளர்ந்தது.

1957 அக்டோபர். புகழின் உச்சியில், ஆஸ்திரேலியாவில் பாடிக்கொண்டிருந்தபோது, வானத்தில் நெருப்புக்கோளம் ஒன்றைக் கண்டு, தேவ எச்சரிப்பு என்று நடுங்கினார். விலையுயர்ந்த மோதிரங்களைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். ஓக்வுட் கல்லூரியில் வேதம் படிக்கப் போனார். அல்லேலூயா!

ஆனால் 1962-ல் இங்கிலாந்து மேடையில் பழைய பாட்டு திரும்பி வந்தது. பிறகு போதைமருந்து. 1977-ல் மறுபடியும் மனந்திரும்பிப் பிரசங்கித்தார். சில வருஷங்களில் மறுபடியும் மேடை.

ஏன் இந்த அலைச்சல்? யாத்திராகமத்தை வாசியுங்கள். எகிப்திலிருந்து கொண்டுவந்த பொன் 32-ம் அதிகாரத்தில் கன்றுக்குட்டி ஆனது. அதே ஜனத்தின் பொன் 35-ம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு வந்தது. பொன்னிலே குற்றமில்லை தம்பி. யார் கையில் கொடுத்தாய் என்பதுதான் கேள்வி. மோதிரத்தைத் தண்ணீரில் எறிந்துவிடலாம். தொண்டையில் இருக்கிற தாலந்தை எறிய முடியுமா? அதைத் தினந்தினம் பலிபீடத்தில் வைக்க வேண்டும். ஒருநாள் வைத்தால் போதாது.

அவரை நியாயந்தீர்க்க நான் யார்? 2020 மே 9-ல் 87 வயதில் மரித்தபோது, தான் வேதம் படித்த அதே ஓக்வுட் வளாகத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். விட்டுப்போனவரைக் கிருபை விடாமல் தேடியது என்றே நான் விசுவாசிக்கிறேன்.

கீபோர்டு வாசிக்கிற தம்பியே, பாடுகிற தங்கச்சியே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மேடை, சனிக்கிழமை ஒரு மேடை வேண்டாம். எலியா கர்மேலில் கேட்ட கேள்வி (1 இராஜாக்கள் 18:21) இன்றைக்கு உனக்குத்தான். பெரியவர்களே, பிள்ளைகளின் தாலந்தைத் திட்டி விரட்டாதீர்கள்; ஜெபித்து, சபையிலே இடம் கொடுங்கள்.

ஜெபிப்போம்: “ஆண்டவரே, நீர் தந்த சத்தம் உமக்கே. இன்றைக்கும், நாளைக்கும், சாகும்வரைக்கும். ஆமென்.”