நமக்குப் பிடித்த சாட்சி



தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் வீட்டுத் திண்ணைகளில் இரண்டு முறைப்பாடுகள் கேட்கும். "பத்திரிகைக்காரனும் டி.வி.க்காரனும் கட்சிக்கு விலைபோய்விட்டார்கள்" என்பது ஒன்று. "யார் வந்தால் நமக்கென்ன, இந்தத் தடவை ஓட்டுப் போடப்போவதில்லை" என்பது மற்றொன்று. முதலாவது நியாயமா? நியாயமென்றால், இரண்டாவது அதைத் தொடர்ந்து வரத்தான் வேண்டுமா? சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

முதல் முறைப்பாட்டில் நியாயம் உண்டு. 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ம் தேதியை நீரோடி முதல் இரையுமன்துறை வரை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒக்கி புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போன பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தாய்மார் கரையில் காத்துக் கிடந்தார்கள். அதே நாட்களில் சென்னை ராதாகிருஷ்ணன் நகரில் இடைத்தேர்தல். டிசம்பர் 21-ம் தேதி வாக்குப்பதிவு. எந்த அபேட்சகரின் மனு தள்ளுபடியாயிற்று, யார் யாருக்கு ஆதரவு என்று தொலைக்காட்சியில் பேசிப் பேசி மாளவில்லை. டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் நம் துயரம் பலர் கண்ணில் பட்டது.

இதில் பொய் எங்கே? மனு தள்ளுபடியானது மெய். புயல் அடித்ததும் மெய். ஒன்றை உரக்கச் சொன்னார்கள், மற்றதை முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். பொய்ச்சாட்சி ஆகாது என்று எட்டாம் கற்பனையை ஞானோபதேசத்தில் படித்தோம். சாட்சிக் கூண்டில் ஏறி, வேண்டியதை மட்டும் சொல்லி இறங்கிவிடுகிறவனை அந்தக் கற்பனை விட்டுவிடுமா?

இதுவரை நீங்கள் தலையசைத்திருப்பீர்கள். இனிச் சொல்வது அவ்வளவு ருசிக்காது.

1951-ம் ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி, டி.வி. ராமசுப்பையர் திருவனந்தபுரத்தில் தினமலர் பத்திரிகையைத் தொடங்கினார். நாஞ்சில் நாட்டுத் தமிழர் தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்று அது வெளிப்படையாக எழுதிற்று. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அந்தப் பத்திரிகை ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. நம் பாட்டன்மார் அதைப் பாரபட்சம் என்றா சொன்னார்கள்? நியாயத்தின் குரல் என்றார்கள். நானும் அப்படியே சொல்வேன். ஆனால் எல்லைக்கு அப்பால் இருந்த மலையாளிக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? நம் பக்கம் சாய்ந்தால் தைரியம், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அக்கிரமம் என்று தராசு பிடிக்கிறோம். அந்தத் தராசைச் செய்தி விற்கிறவன் நன்றாக அறிவான். இன்று கட்சிக்கு ஒரு சேனல் இருக்கிறதென்றால், வீட்டுக்கு ஒரு சேனலை நாமே வரித்துக்கொண்டதும் ஒரு காரணம். கைபேசியில் வருகிற செய்தியை மெய்யா பொய்யா என்று பாராமல், பிடித்திருக்கிறது என்பதற்காகவே பத்துப் பேருக்கு அனுப்புகிறவரும் நம்மிடையே உண்டு. (அவர் யார் என்று தேடவேண்டாம்.)

இரண்டாவது முறைப்பாட்டுக்கு வருவோம். மனம் வெறுத்துப்போவது பாவமல்ல. "மேற்கண்ட யாரும் வேண்டாம்" என்று பதிவுசெய்ய இயந்திரத்திலேயே பொத்தான் வைக்கவேண்டுமென 2013 செப்டம்பர் 27-ம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேலே சொன்ன இடைத்தேர்தலில் 2,373 பேர் அதை அழுத்தினார்கள். அதனால் தேர்தல் முடிவு மாறுவதில்லை. ஆயினும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, தங்கள் வெறுப்பைக் கணக்கில் ஏற்றினார்கள். வீட்டில் படுத்திருந்தவனுடைய கோபம் எந்தக் கணக்கில் இருக்கிறது? அவன் சோம்பலால் வரவில்லையா, வெறுப்பால் வரவில்லையா என்று யாருக்குத் தெரியும்? "இந்த ஜனங்கள் எண்ணிக்கையில் இல்லை" என்று 2017-ல் நடந்துகொண்டவர்களுக்கு, "ஆம், இல்லை" என்று அவனே எழுதிக்கொடுத்தாற்போல் ஆகிறது. வாக்குப்பதிவு நாளில் நடுக்கடலில் வலை இழுக்கிறவன் வர முடியாது. கரையில் இருப்பவனுக்கு என்ன தடை?

ஆகையால் அபேட்சகர் உங்கள் ஊருக்கு வரும்போது, எந்தக் கட்சியானாலும், ஒன்று கேளுங்கள்: கரையிலிருந்து நூறு மைலுக்கப்பால் படகு கவிழ்ந்தால் மீட்க வருகிறவர்கள் எத்தனை மணி நேரத்தில் வந்து சேருவார்கள்? அவர் சொன்ன பதில் மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வரவில்லையானால், வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் நீங்களே போய், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.