டாக்டரம்மாவின் துணிச்சலை நம்பி

ஆண்டிமடம் மாதிரி ஊர்களில் சாயங்காலம் திறக்கும் தனியார் கிளினிக்குகளில் சளி, காய்ச்சல், சர்க்கரை, நாள் தள்ளிப்போனது எல்லாம் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிவிட்டு வந்தவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கருவைக் கலைக்க வேண்டிய பெண்ணுக்கு இந்த மறைவு மருந்தைப் போலவே முக்கியம்.

அரசு மருத்துவமனை இருக்கும்போது காசு வாங்கும் தனியார் டாக்டரை நாம் ஏன் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறக்குறைய 64 சதவீதம் சிசேரியன். அந்த வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அரசு அமைப்பு கர்ப்பத்தைக் காப்பாற்றவே கட்டப்பட்டது. செவிலியர் வீடு தேடி வருவதும் பிக்மி எண் பதிவதும் தாய்மாரின் உயிரைக் காக்கின்றன. பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவளுக்கோ அதே பதிவேடு கண்காணிப்பாகிவிடுகிறது. கலைத்த கையோடு ஆபரேஷனும் செய்துகொள் என்ற பேரம் நாம் கேள்விப்படாததா? குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் இங்கே ஒரு சதவீதம்கூட இல்லை.

சட்டம் ஓரளவு நம் பக்கம்தான். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பதினெட்டு வயது நிறைந்தவளுக்குத் தன் சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையில்லை. சட்டம் கேட்காத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29 செப்டம்பர் 2022 தீர்ப்பில் சொன்னது.

இருந்தும் டாக்டர் "வேறு இடம் பாரும்மா" என்று சொல்லிவிட்டால்? சொல்வதற்கு அவருக்குக் காரணங்கள் உண்டு. அனுமதி பெறாத இடத்தில் செய்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டு சிறை. பெண் மைனராக இருந்தால் போக்சோ. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் உறவுக்கூட்டம் வாசலுக்கு வரும். அவரைத் துணிந்து நில் என்று கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. அதே சமயம், ஒருத்தியின் உரிமை இன்னொருத்தியின் துணிச்சலைப் பொறுத்திருந்தால் அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? துணிந்து செய்பவரையும் 'சேவை' என்று புகழ்ந்து தனியாக விட்டுவிடுகிறோம். சேவை என்று பெயர் வைத்தால் கூலி கேட்கக் கூடாது. நம் அடுப்படியில் நாம் அனுபவித்த தந்திரம்தானே இது!

ஆகவே ஆதரவு என்று நான் சொல்வது மாலை மரியாதையை அல்ல. இழுத்தடிக்காத அனுமதி, பயிற்சி, ஏழைப் பெண்ணுக்கான கட்டணத்தை அரசே தருவது, நடு ராத்திரியில் அனுப்பப்படும் பெண்ணைத் திட்டாமல் சேர்த்துக்கொள்ளும் அரசு மருத்துவமனை. பதிலுக்கு டாக்டரும் கட்டணத்தை எழுதி மாட்ட வேண்டும், புருஷனைக் கூட்டிவா என்று சொல்லக் கூடாது. செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தொடங்கிய ரூவ்செக் பெண்கள் அமைப்பு சொந்தமாகவே கிளினிக் நடத்தியது. எல்லா ஊரிலும் அது கைகூடாது.

இந்தியாவில் 2015இல் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையால் நடந்தது. அந்த மாத்திரை நன்றாகவே வேலை செய்யக்கூடியது. எத்தனை வாரம், எவ்வளவு ரத்தம் போனால் பயப்பட வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். ஊரில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவும் வயதாகிக் கிளினிக்கை மூடினால், ஆண்டிமடத்துப் பெண் ஒரு நாள் கூலியை விட்டு, வீட்டில் ஒரு பொய் சொல்லி, ஜெயங்கொண்டத்துக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏற வேண்டும்.