நிலவறைச் செல்வமும் தெய்வத்தின் விருப்பமும்

கோயில் நிலவறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பொன் யாருடையது என்று கேட்டால், சுவாமியுடையது என்று பக்தர் தயங்காமல் விடை சொல்வார். மெய்யியலில் அந்த விடையே பெருஞ்சிக்கலாகிறது. சைமினியின் மீமாம்சை சூத்திரங்களுக்கு உரை வகுத்த சபரர், தேவர்களுக்கு உடல் இல்லை, அவியுணவை அவர்கள் உண்பதும் இல்லை என்று வாதிட்டதோடு, ஒரு பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்த வல்லவனே அதற்கு உடையவன் என்றும், தேவர் எவரும் ஊரையோ வயலையோ அவ்வாறு பயன்படுத்தாமையால் ‘தேவனுடைய ஊர்’ என்னும் வழக்கு வெறும் உபசாரமே, அதாவது இல்லாத உரிமையை ஏற்றிச் சொல்லும் பேச்சே என்றும் முடிவு கட்டினார். மனுநூலுக்கு உரை கண்ட மேதாதிதியும் ‘தேவசுவம்’, அதாவது தெய்வத்தின் சொத்து, என்பதற்கு நேர்ப்பொருள் கொள்ள மறுத்தார். வேதத்தையே முழுமுதல் பிரமாணமாகக் கொண்டவர்கள் சொன்னவை என்பதால் இவற்றை நாத்திக வாதமென்று ஒதுக்கிவிட இயலாது.

ஆகம மரபோ, பிரதிட்டை செய்யப்பட்ட திருமேனியில் இறைவன் எழுந்தருளி, அமுது கொண்டு, அரசனைப் போல் வீற்றிருக்கிறான் என்று கொள்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு துல்லியமான நடைமுறையாகக் கூடும் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் காணலாம். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த அணிகலன்களில் பொன் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டு கற்களுக்கும் அக்கோயில் இறைவனின் பெயர்களே இடப்பட்டிருந்தன. முத்துகள் வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, சப்பத்தி என வகை பிரித்து எண்ணப்பட்டன. கோத்த சரடும் பதித்த அரக்கும்கூடக் கணக்குக்குத் தப்பவில்லை. பண்டாரத்துக் காசு முடங்கிக் கிடக்கவும் இல்லை. இறைவனின் முதல் அடியாராகவும் கோயில் சொத்துக்குக் காவலராகவும் கொள்ளப்படும் சண்டேசுவரரிடமிருந்து ஊர்ச்சபையார் அதைக் கடனாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி, செலுத்த உடன்பட்டனர். கொடுத்து வாங்கிக் கணக்கு வைத்த ஒருவரை உடைமையாளர் அல்லர் என்று மறுப்பது கடினம். எனினும் சபரர் விடமாட்டார். கடன் கொடுக்கலாம் என்பது யாருடைய விருப்பம் என்று அவர் கேட்பார்.

இந்தக் கேள்வியை மிக நேராக எதிர்கொண்டது, வியப்புக்குரிய வகையில், பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில். கொல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தார் தங்கள் குலதெய்வத் திருமேனியை எங்கே வைத்து வழிபடுவது என்று வழக்காடியபோது, 1925இல் அந்த மன்றம் திருமேனி சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள் என்றும், இருப்பிடம் குறித்து அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்றும், அவ்விருப்பத்தை எடுத்துரைக்க வழக்கில் தன்னலத் தொடர்பற்ற ஒருவர் அமர்த்தப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இறுதியாகச் சொன்ன நிபந்தனையில்தான் சபரருக்கு உரிய மறுமொழி இருக்கிறது எனலாம்: தெய்வத்தின் விருப்பத்தை நேரே அறிய வழியில்லாவிட்டாலும், தன் விருப்பத்தைத் தெய்வத்தின் விருப்பமாக எவரும் கடத்திவிடாதபடி தடுக்க வழியுண்டு, அந்தத் தடை உறுதியாக நிற்கும் இடத்தில் இறைவனின் உடைமை என்பது வெறும் உபசாரமாக இருப்பதில்லை.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் இதற்கே சோதனை வந்தது. 1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாபனுக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசனாக ஆண்டார். 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அங்குள்ள நிலவறைகள் திறக்கப்பட்டுப் பெருஞ்செல்வம் வெளிப்பட்டபோது, ‘பி’ எனக் குறிக்கப்பட்ட அறை மட்டும் மூடியே இருந்தது. அதே ஆண்டு நடந்த தேவபிரசன்னத்தில், அதாவது சோதிட முறையில் தெய்வத்தின் கருத்தை அறியும் சடங்கில், அதைத் திறப்பது இறைவனுக்கு உவப்பன்று என்று சொல்லப்பட்டது. அச்சடங்கை மூடநம்பிக்கை என்று தள்ளுவதைவிட, விருப்பத்தைச் சொல்பவர் தன்னலத் தொடர்பற்றவரா என்று கேட்பதே சமயத்துக்கு உள்ளிருந்து எழும் நேரிய கேள்வி. திறக்கவேண்டும் என்போரிடமும் அதையே கேட்டாக வேண்டும். 2020 சூலையில் உச்ச நீதிமன்றம், திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் சேவாயத்து உரிமையை, அதாவது தெய்வத்தின் சார்பில் கோயிலை நிருவகிக்கும் உரிமையை, ஏற்றுக்கொண்டபோதும், அந்த அறையைத் திறப்பதா என்னும் முடிவை அரச குடும்பத்திடம் விடாமல், நிருவாகக் குழுவிடமும் ஆலோசனைக் குழுவிடமும் ஒப்படைத்தது.