தடியும் கேள்வியும்

“நல்லவன் ஒருவன் கையில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் சட்டம் எதற்கு, கோர்ட்டு எதற்கு?” என்று கேட்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் அநியாயத்தைக் கண்டு மனம் நொந்தவர்கள். நியாயம் கேட்டு நடந்து நடந்து கால் தேய்ந்தவர்கள். ஆகையால் அவர்களுடைய கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதை நேருக்கு நேர் நின்று ஆராய்ந்துதான் பார்க்க வேண்டும். ஆராய்வதற்கு ஏற்ற கதை ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது.

1981-ஆம் ஆண்டு அந்த நாட்டின் என்.பி.சி. தொலைக்காட்சி ‘வாக்கிங் டால்’ என்ற நாடகத் தொடரை ஒளிபரப்பியது. ‘தலை நிமிர்ந்து நடப்பது’ என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். டென்னசி மாநிலத்துக் கிராமப்புறத்தில் ஒரு ஷெரீப். ஆள் ஆறரை அடி உயரம். கையில் பெரிய மரத்தடி. மனைவியைப் பகைவர்களுக்குப் பலி கொடுத்துவிட்டு, இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, ஊருக்குள் புகும் தீயவர்களை அடக்குகிறான். போ ஸ்வென்சன் என்ற நடிகர் அந்த வேடத்தில் நடித்தார். ஏழே வாரக் கதைகளோடு தொடர் நின்றுபோயிற்று.

தொடர் அற்பாயுளில் முடிந்தாலும் கதை அற்பாயுள் உள்ளதன்று. 1973-இல் ஜோ டான் பேக்கர் நடித்து வெளிவந்த திரைப்படம் சிறிய செலவில் எடுக்கப்பட்டுப் பெரிய வெற்றி பெற்றது. 1975-இலும் 1977-இலும் அதற்குத் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. 2004-இல் பெயரையும் ஊரையும் மாற்றி மறுபடியும் எடுத்தார்கள். இத்தனைக்கும் மூலமாக இருந்தவர் உண்மையான ஒரு மனிதர். அவர் பெயர் பியூபோர்ட் பஸ்ஸர்.

ஷெரீப் என்பவர் நம் ஊர்ப் போலீஸ் அதிகாரியைப் போல மேலிடத்தால் நியமிக்கப்படுகிறவர் அல்லர். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி என்ற சிறு நிர்வாகப் பகுதியின் மக்களே வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்நேரி கவுண்டி மக்கள் 1964-இல் பஸ்ஸரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு 26 வயது. அதற்கு முன்பு சிக்காகோவில் மல்யுத்தம் செய்தவர். டென்னசிக்கும் மிசிசிப்பிக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை ஒட்டிச் சூதாட்ட விடுதிகளும் கள்ளச் சாராயக் கடைகளும் நடந்துவந்தன. அங்கே போனவன் பணத்தை இழந்தான்; பணம் போயிற்றே என்று கேட்டவன் உதை வாங்கினான். இந்தக் கூட்டத்தை ஒழிக்கப் புறப்பட்டவர் என்பதே பஸ்ஸரின் புகழ்.

இப்படிப்பட்ட கதையை மக்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சாட்சியை விலைக்கு வாங்கலாம். வக்கீலை விலைக்கு வாங்கலாம். அதிகாரியையும் சில சமயம் விலைக்கு வாங்கலாம். தடியை வாங்க முடியாது. அது பேரம் பேசாது, தவணை கேட்காது. ஏழையின் மனத்தில் நெடுநாளாகக் குமைந்துகொண்டிருக்கும் கோபத்துக்கு அது ஒரு வடிகால். 1973-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் ஊர் மக்களே திரண்டு வந்து சூதாட்ட மேசைகளை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்துகிறார்கள். அந்தத் தீயைப் பார்க்கும்போது கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கைகள் பரபரக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தத் தீ எதிலிருந்து பற்றிக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அது உடனே கண்ணில் படுகிறது. ஒரு பெண்ணின் பிணத்திலிருந்துதான் அது பற்றிக்கொள்கிறது.

1967 ஆகஸ்டு 12-ஆம் தேதி விடியற்காலையில் பஸ்ஸரின் மனைவி பாலின் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘எங்கோ தகராறு என்று தகவல் வந்தது, புறப்பட்டேன், மனைவியும் உடன் வந்தாள், வழியில் வேறொரு காரில் வந்தவர்கள் சுட்டார்கள், அவள் இறந்தாள், என் தாடையிலும் குண்டு பாய்ந்தது’ என்பது பஸ்ஸர் சொன்ன வரலாறு. நாடு அதை நம்பியது. அவருடைய முகம் சிதைந்திருந்தது. பல முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. சிதைந்த முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்? கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

கதைக்காரர்கள் இந்தச் சாவை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். நாயகன் தடியை ஓங்கும்போது ‘இது முறையா?’ என்று பார்ப்பவன் மனத்தில் ஒரு தயக்கம் எழும். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டும். ‘பாவம், மனைவியைப் பறிகொடுத்தவன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தயக்கம் பறந்துவிடும். மனைவியின் மரணம் நாயகனுடைய கோபத்துக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. தொலைக்காட்சித் தொடரில் பாலின் உயிரோடு வர வேண்டிய அவசியமே இல்லை. அவள் இறந்திருந்தால் போதும். அவள் என்ன நினைத்தாள், எதற்கு அஞ்சினாள் என்று அந்தக் கதை விசாரிப்பதில்லை.

இனி, உண்மையில் விசாரித்தவர்களைப் பார்ப்போம். 2022-இல் டென்னசி புலனாய்வுத் துறை இந்தப் பழைய வழக்கை மறுபடியும் கையில் எடுத்தது. கட்டுகளைப் புரட்டியபோது அவர்களுக்கு ஒரு செய்தி தெரியவந்தது: பாலினின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனையே நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில் கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2025 ஆகஸ்டு 29-ஆம் தேதி அரசு வழக்கறிஞரும் புலனாய்வுத் துறையும் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். காரின் வெளிப்புறத்தில், முன்மூடியின்மேல், ரத்தம் தெறித்திருந்தது; அது பஸ்ஸர் சொன்ன வரலாற்றோடு பொருந்தவில்லை. பாலின் வண்டிக்கு வெளியே சுடப்பட்டு, பிறகு உள்ளே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். பஸ்ஸரின் முகத்துக் காயம் தொலைவிலிருந்து பாய்ந்த குண்டால் ஏற்பட்டதன்று, மிக அருகில் வைத்துச் சுட்டது என்றார்கள். அவரே சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றார்கள். பாலினின் மூக்கெலும்பு அதற்கு முன்பே ஒரு முறை முறிந்து ஆறியிருந்தது. பஸ்ஸர் உயிரோடிருந்தால் அவர்மீது கொலைக் குற்றம் சாட்டும்படி ஜூரிகள் முன் கொண்டுசெல்லப் போதிய ஆதாரம் இருக்கிறது என்பதே அவர்களுடைய அறிவிப்பு.

பஸ்ஸர் உயிரோடில்லை. 1974 ஆகஸ்டில், தம் வாழ்க்கையைச் சொல்லும் அடுத்த படத்தில் தாமே நடிப்பார் என்று அறிவிக்கப்பட்ட அன்றைக்கே, கார் விபத்தில் மாண்டுபோனார். ஆகவே இது தீர்ப்பு அன்று, குற்றச்சாட்டு. கூண்டில் நின்று பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை. அவருக்காகக் குறுக்குக் கேள்வி கேட்க வக்கீலும் இல்லை. ‘இவன்தான் கொலைகாரன்’ என்று நாம் எழுந்து நின்று கூவினோமானால் அதுவும் தடியின் வேலையேதான். சட்டத்தின் வேலை அன்று. நேற்று வரை வீரன் என்று மாலை போட்ட கையே இன்று கல்லை எடுத்து எறிவதில் என்ன பெருமை?

‘தெய்வம் என்று நினைத்தோம், சாத்தானாக இருந்தான்’ என்று நான் சொல்ல வரவில்லை. அது வழக்கமான புலம்பல். பஸ்ஸர் குற்றமற்றவர் என்றே ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் 1967-இல் ஒரு தவறு நடந்திருக்கிறது. ஒரு பெண் கொலையுண்டு கிடந்தாள். அவள் எப்படிச் செத்தாள் என்று அவளுடைய உடலைக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்ல உயிரோடிருந்த சாட்சி கணவர் ஒருவர். அவரே அந்தப் பகுதியின் காவல் அதிகாரி. அவரே ஊரின் வீரர். அவர் சொன்னது கதையாயிற்று, கதை படமாயிற்று, படம் தொடராயிற்று. பார்த்துப் பார்த்து உருகினவர்கள் உண்டு. ஆனால் பரிசோதனை நடக்கவில்லையே என்பது அந்தக் கதைகளில் எந்த இடத்திலும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன அரசனுடைய கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அரசன் கொடியவன் அல்லன் என்பதே அந்தக் கதையின் உயிர். அவன் நல்லவன், ஆனால் கேட்கவில்லை. கேட்காத குற்றத்துக்கு நல்ல உள்ளம் ஈடாகாது என்பதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள்.

சட்டம் என்பது என்ன? கெட்டவனை அடிக்கும் கோல் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் என்பது கேள்வி கேட்பதற்கு மனிதன் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. முகம் பார்த்துக் கேட்கக் கூசுகிற கேள்விகள் உண்டு. மனைவியை இழந்து, முகம் சிதைந்து, கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம், ‘நீங்கள் சொல்வது உண்மைதானா?’ என்று அண்டை வீட்டுக்காரன் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆகவேதான் அந்தப் பொறுப்பை முகமில்லாத ஒரு முறையிடம் ஒப்படைத்திருக்கிறோம். யாருடைய சாவானாலும் உடலைப் பரிசோதி. யாருடைய வாக்குமூலமானாலும் ஒத்துப் பார். இந்த முறைக்கு இரக்கம் இல்லை என்று குறை சொல்கிறோம். அந்த இரக்கமின்மை இறந்தவர்களுக்குக் காட்டும் இரக்கம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த முறை குற்றமற்றவனையும் காக்கிறது. பஸ்ஸர் சொன்னது உண்மையானால், 1967-இல் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை அவருடைய சொல்லுக்குச் சாட்சியாக நின்றிருக்கும். 58 ஆண்டுகளுக்குப் பிறகு, பதில் சொல்ல முடியாத நிலையில், அவர் பெயர் இப்படி வீதிக்கு வந்திராது. சந்தேகிக்காமல் இருந்ததால் அவருக்கு நன்மை செய்துவிட்டதாக ஊர் நினைத்திருக்கும். அப்படி ஒரு நன்மை அவருக்குக் கிடைக்கவில்லை.

டென்னசி மாநிலச் சட்டத்தில் இன்னொரு சிறிய நயத்தையும் காண்கிறேன். மூன்று தவணை ஷெரீபாக இருந்த பஸ்ஸர் 1970-இல் மறுபடியும் நிற்க முடியவில்லை. தொடர்ந்து அந்தப் பதவியில் இருப்பதற்குச் சட்டம் வரம்பு வைத்திருந்தது. பஸ்ஸர் நல்லவரா கெட்டவரா என்று அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. யாராயினும் தடி ஒரே கையில் நெடுநாள் இருக்கலாகாது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 1972-இல் அவர் மறுபடியும் போட்டியிட்டபோது அந்தக் கவுண்டி மக்களே அவரைத் தோற்கடித்தார்கள். மறு ஆண்டே திரைப்படம் வந்தது. உள்ளூரில் தோற்றவர் நாடு முழுவதும் வென்றார். ஒருவரை வாக்குச் சீட்டோடு மதிப்பிடுகிறவர்களுக்கும் டிக்கெட்டோடு மதிப்பிடுகிறவர்களுக்கும் உள்ள வேற்றுமை இது.

“இத்தனை ஆண்டுக்குப் பிறகு எலும்பைத் தோண்டி என்ன கண்டார்கள்? செத்தவரைத் தூக்கில் போடவா முடியும்?” என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் அந்த விசாரணை பஸ்ஸருக்காக நடந்தது என்று நான் எண்ணவில்லை. அது பாலினுக்காக நடந்தது. இத்தனை காலம் அவள் ஒரு வீரனுடைய மனைவியாக, ஒரு கோபத்தின் காரணமாக, ஒரு கதையின் முதல் அத்தியாயமாக இருந்தாள். பரிசோதனை மேசையில்தான் முதன்முதலாக அவளையே ஒரு மனுஷியாக வைத்து, ‘அம்மா, உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்டார்கள். முறிந்து ஆறிய ஒரு சிறு எலும்பு, எந்தப் படத்திலும் அவளுக்குக் கிடைக்காத பேச்சைப் பேசியது.

கேட்டவர்கள் யார்? காகிதம், கையெழுத்து, சோதனைச்சாலை, காத்திருப்பு என்று தடிக் கதைகள் எவற்றைக் கேலி செய்கின்றனவோ, அவற்றோடு வேலை செய்கிற சம்பளக்காரர்கள். அவர்களை வைத்து யாரும் தொடர் எடுக்கப் போவதில்லை. எடுத்தாலும் ஏழு வாரம்கூட ஓடாது.

நல்லவன் கையில் தடி இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: போதாது. நல்லவன் கையில் தடி இருக்கும் ஊரில், அவனையும் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். கேட்கிறவருக்கு அவன்மேல் பகை வேண்டியதில்லை. அவனுடைய வீட்டுக்குள் இருப்பவர்கள்மேல் கொஞ்சம் அக்கறை இருந்தால் போதும்.