மஞ்சள் கடுதாசியும் மனச்சாட்சியும்



மழை பொய்த்த வருஷத்தில் பட்ட கடனுக்காக உயிரை மாய்க்கவோ ஊரைவிட்டு ஓடவோ நம் காரியாபட்டிப் பங்கில் ஒருவரும் நினையாதிருப்பீர்களாக. மனமிருந்தும் கொடுக்க இயலாமை பாவமன்று.

ஊரார் மஞ்சள் கடுதாசி என்பது 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டப்படியான மனுவாகும். 500 ரூபாய்க்குக் குறையாத கடனிருந்து, தீர்க்க வழியற்றவர் கோர்ட்டில் அதைக் கொடுக்கலாம். சொத்தையும் கடனையும் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். சொத்தை விற்றுக் கடன் கொடுத்தோருக்குப் பங்கிடுவார்கள். பிறகு கோர்ட்டார் விடுதலைக் கட்டளை தந்தால் மிச்சக் கடன் பெரும்பாலும் நீங்கும். ஆனால் அடகு வைத்த நகை சும்மா மீளாது. வஞ்சித்து வாங்கிய கடனும் தீராது.

திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாதென்று மோயீசன் கட்டளையிட்டார். நமது சிவில் சட்டமும் உடுதுணி, சமையல் பாத்திரம், பிழைப்புக்கு வேண்டிய ஏர், மாடு, விதைத் தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்ய விடாது.

ஆகையால் நிலத்தை மைத்துனன் பேருக்கு எழுதி ஒளிக்காதேயுங்கள். பாவம் அதுவே, கோர்ட்டார் அதை ரத்துச் செய்யவும் கூடும். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாத ஏழைகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

கடன் கொடுத்தவர்களே, நீங்களும் சர்வேசுரனிடம் கடன்பட்டவர்களே. இரக்கமாயிருங்கள்.