உள்ளத்துப் பிணிக்குச் சான்று

உடம்பிலெழுந்த கட்டியைக் கையாற் றொட்டறியலாம். உள்ளத்து நடுக்கத்திற்கோ உற்றவன் சொல்லே சான்று. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தார் 2016-ஆம் ஆண்டிற் கஞ்சாவை மருந்தாக ஏற்றுச் சட்டஞ் செய்தபொழுது, அதற்குரிய நோய்களாகப் பதினேழனை வரிசைப்படுத்தினர். பதற்றநோய் 2019-இலேதான் அவ்வரிசையிற் சேர்ந்தது. மனச்சோர்வு அப்பொழுதும் சேர்ந்திலது. இவ்விரண்டும் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்றல் பலரிடங் காணப்படுவதாகலின், சோர்வால் நலிவோன் தன்பாலுள்ள சிறு பதற்றத்தைப் பெரிதாக்கிக் கூறத் தூண்டப்படுகின்றான். இதனைப் பொய்யென்று எளிதிற் கடிந்துவிட எமக்கு மனமில்லை.

மனத்துயர்க்கு மருந்துண்டலே இழுக்கென்பாருமுளர். மனம் முதலிய அந்தக்கரணங்கள் மாயையின் காரியமாகிய சடமென்பது சித்தாந்தத் துணிபாகலின், அவற்றின் பிணிக்கு மருந்து நாடுதல் குற்றமென்று யாம் கொள்ளேம். எம் ஐயம் வேறு. கஞ்சா அளவு மிகின் சிலர்க்குப் பதற்றத்தையே வளர்க்கும். 2019-இல் அம்மாநிலச் சுகாதாரத் துறையினரும், இது முதற்கண் நாடத்தக்க மருந்தன்று, வழக்கமான சிகிச்சைக்கு மாற்றுமன்று என்றனர். அச்சட்டத்தின்படி மருத்துவர் நோயுண்மையோடு, மருந்தாற் பயன் விளையக்கூடுமென்பதற்குஞ் சான்றளித்தல் வேண்டும். சோர்வை மறைத்து வந்தவனுக்கு அதனை அவர் எங்ஙனந் துணிவது?