வாசலோரம் ஒரு பை

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த சுமார் 1,70,000 இந்தியர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் காரிலும் ஈராக்கைக் கடந்து ஜோர்டான் போய், அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறினார்கள். ஆகஸ்ட் பாலைவனம், எல்லையில் கூடாரங்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் வங்கியிலேயே முடங்கியது. பலரின் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. அதுதான் பெரிய கொடுமை.

திடீரென்று வீட்டை விட்டுக் கிளம்ப, போர்தான் வரவேண்டும் என்பதில்லை. 2024 ஏப்ரல் 16-ஐ ஒட்டிய பேய்மழையில் இங்கே அமீரகத்தில் அல் ஐன் பக்கம் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. கொட்டியது, துபாயில் சாலைகளிலேயே கார்கள் மூழ்கி நின்றன.

அப்படி ஒரு நாளுக்குத் தயாராக இருக்க ஒரு பை போதும். பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் பிளாஸ்டிக் உறைக்குள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்கு. சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம், டார்ச், அவல், பேரீச்சம்பழம். மாத்திரையையும் தண்ணீரையும் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். இங்கத்திய வெயிலில் வெந்துவிடும். பை வீட்டு வாசலோரம் இருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர் கேன். பாஸ்போர்ட்டை வேறு யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.